திருப்பிக் கொடுத்த வாய்தா

அவள் வக்கீலான கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லாரிப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவரின் மூத்த மகள். படித்தாள், தேறினாள், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, சிவில் வழக்கில் பேர் வாங்கிய ஒரு சீனியரிடம் ஜூனியராகப் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அவள் பார்த்த உத்தியோகம் ஒரே ஒரு வரி. வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்க வேண்டும். "சீனியர் வேற கோர்ட்ல இருக்காருங்கய்யா, ஒரு வாய்தா வேணும்" என்று சொல்ல வேண்டும். நீதிபதி தேதி போடுவார். குறித்துக்கொண்டு அடுத்த கூடத்துக்கு ஓடினால் அங்கேயும் அதே வரி.

ஆரம்பத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. போகப் போக மரத்துவிட்டது. பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி. பின்னால் நிற்கிற கட்சிக்காரர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். பார்த்தால் பிழைப்பு ஓடாது.

வீட்டில் தம்பி சும்மா இருப்பானா? "அக்காவுக்குத் தட்டு வைக்காதேம்மா, சாப்பாட்டுக்கும் வாய்தா கேப்பா" என்பான். அவள் சிரிக்கவும் மாட்டாள், சீறவும் மாட்டாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் சீனியர் ஒரு கேசுக் கட்டைத் தூக்கி அவள் மேசையில் போட்டார். "சின்னக் கேசு. நீயே நடத்திக்கோ."

சின்னக் கேசுதான். ஒரு தையல்கார அம்மா. அவள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவே தெருவுக்குப் போகிற சந்து, இரண்டு பேருக்கும் பொது. கொழுந்தன் ஒரு நாள் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டான். அந்த அம்மா பக்கத்து வீட்டு அடுப்படி வழியாகப் புகுந்து வெளியே போய் வந்துகொண்டிருந்தாள். அவள் புருஷனால் அதுவும் முடியாது. கால் விழுந்த மனுஷன், சக்கர நாற்காலியில் இருப்பவர். அடுப்படி வாசலில் நாற்காலி நுழையாது. சுவர் வந்த நாளிலிருந்து அவர் தெருவைப் பார்க்கவில்லை.

கொழுந்தன் கோர்ட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தான். அடுத்த தேதிக்கும் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிவிடலாம், சுவரை இடிக்கச் சொல்லிவிடலாம். வக்கீலம்மா உட்கார்ந்து தயார் செய்தாள். பேச வேண்டியது மொத்தமும் மனப்பாடம்.

அன்றைக்குக் காலையில் வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பின் பெயரை டவாலி மூன்று தரம் கத்தினான். ஆளில்லை.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்னம்மா, ஆரம்பிக்கலாமா?"

அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஒரு வாய்தா வேணுங்கய்யா."

நீதிபதி தேதி போட்டார். டவாலி அடுத்த பெயரைக் கத்தினான். அவள் பழக்கப்படி குறித்துக்கொண்டு வாசல்வரை நடந்தும் விட்டாள். அங்கே தையல்கார அம்மா நின்றிருந்தாள். "முடிஞ்சுதாம்மா? இடிச்சிடலாமா?" என்றாள்.

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு கட்சிக்காரரின் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தாள். அப்போதுதான் தன் வாய் என்ன செய்தது என்று உறைத்தது. திரும்பிப் போய் மேடைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, அந்த வாய்தா எனக்கு வேண்டாங்கய்யா. வாய் தவறிடுச்சு."

கூடம் கொல்லென்று சிரித்தது. "வக்கீலம்மாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுங்கப்பா" என்றார் பின்வரிசை வக்கீல் ஒருவர்.

நீதிபதிக்கும் உதடு லேசாகத் துடித்தது. "வாய்தா கேக்கற வக்கீலத்தான் பாத்திருக்கேன். திருப்பிக் குடுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். நடுவுல நுழைக்க முடியாது. எல்லாம் முடியட்டும், கடைசியா எடுக்கறேன். உக்காரும்மா."

உட்கார்ந்தாள். சிரிப்பு அவளைத் தொடவே இல்லை. மற்ற வழக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. மத்தியானம் கழிந்து கொழுந்தன் வந்து சேர்ந்தான், கூடவே ஒரு வக்கீல். காய்ச்சலாம், அதனால் இத்தனை நாள் வர முடியவில்லையாம். கடைசியாக வழக்கை எடுத்தபோது அவள் தயார் செய்ததையெல்லாம் பேசினாள். பிழையில்லாமல்தான் பேசினாள். ஆனால் எதிரி கண்முன்னே நிற்கும்போது ஒருதலைத் தீர்ப்பு ஏது? பதில் சொல்ல அவனுக்கு அவகாசம் கொடுத்தார் நீதிபதி. கோர்ட்டு விடுமுறைக்கு அப்புறம் ஒரு தேதி.

வெளியே வந்து தையல்கார அம்மாவிடம் உள்ளதைச் சொன்னாள். "காலைலயே முடிஞ்சிருக்கும்மா. நான்தான் கெடுத்தேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பழக்கம்."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம், "இதை அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு" என்றாள்.

போனாள். அடுப்படி வழியாக, அடுத்த வீட்டாள் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைத் தாண்டி. புருஷன்காரர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்பம்மா இடிக்கறாங்க?"

"இப்ப இல்லைங்க. என் தப்பு" என்று ஆரம்பித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அழுகை வந்தால் நன்றாயிருக்கும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"வாயில வந்துடுச்சா?"

"ஆமாங்க."

அவர் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கேசு முடியறவரைக்கும் நாற்காலி போற அளவுக்காவது திறந்து விடச் சொல்லி, நாளைக்கே ஒரு மனு போடறேங்க. கிடைக்குமான்னு தெரியாது. அளவு வேணும்" என்றாள்.

தையல்கார அம்மா மிஷின் மேலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். வக்கீலம்மா கோட்டைக் கழற்றிவிட்டு மண்டி போட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் நாற்காலியின் அகலத்தை அளந்தாள்.

"கைய விட்டுட்டீங்களே" என்றார் அவர். "சக்கரத்தைத் தள்ளறப்ப முழங்கை வெளிய வரும். அதையும் சேத்து அளங்க."

அவள் டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.