அடுத்தவன் வலை கரையேறும்வரை

சரிபுதீனுக்கு வாழ்க்கை கற்றுத் தந்த ஒரே சட்டம் கரைவலைச் சட்டம். ஒரு பாட்டில், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டில், ஒருவனுடைய வலை தண்ணீருக்குள் கிடக்கும்போது இன்னொருவன் வலை போடக்கூடாது. முன்னவனுடைய வலையின் மடி கரையேறி மீனைக் கொட்டிய பிறகுதான் அடுத்தவன் தோணியைத் தள்ளலாம். மீன் கண்முன்னே துள்ளினாலும் பொறுத்து நிற்க வேண்டும். மன்னாரின் அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே அந்தக் கரையில் அவருடைய வாப்பா அப்படித்தான் நின்றார். இடம்பெயர்ந்து புத்தளத்து முகாமில் கிடந்து மூட்டை சுமந்த காலத்திலும் சரிபுதீன் அதை விடவில்லை. பேச்சிலும் அவருக்கு அதே சட்டம்தான். ஒருவர் சொல்லி முடிக்குமுன் குறுக்கே வாய் வைக்க மாட்டார்.

"பொம்பிள பார்க்க வந்த அண்டைக்கும் என்ர வாப்பா கதைச்சு முடியுமட்டும் இந்த மனிசன் வாய் திறக்கேல்ல. ஊமையாக்கும் எண்டு உம்மா அழுதிட்டா" என்று மனைவி நசீறா இப்போதும் கேலி செய்வாள்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினால் வாப்பாவின் பாட்டில் வேறு ஆள். வெளியூர் முதலாளி ஒருவர் கரையில் உழவு இயந்திரங்களை நிறுத்தி, மனிதர் இழுக்க வேண்டிய வலையை இயந்திரத்தால் இழுத்துக்கொண்டிருந்தார். கேட்டால் அனுமதி இருக்கிறதாம். அனுமதி எடுத்துக் கொடுத்த அரசியல்வாதி யாரென்று ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளியின் ஒரு வலை ஏறுமுன் அடுத்த வலை இறங்கிவிடும். சரிபுதீனும் கூட்டாளி வஸீரும் காய்ந்த தோணியில் சாய்ந்துகொண்டு, தங்கள் முறை வரும் வரும் என்று பார்த்திருந்தார்கள். அந்தப் பாடு திரும்பக் கிடைக்காவிட்டால் மறுபடியும் புத்தளத்து மூட்டைதான்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து மன்னாரில் மண்டபம் பிடித்தார்கள். மீள்குடியேற்றம் பற்றி நேரடி விவாதமாம். பாதிக்கப்பட்ட மீனவர் ஒருவரும் மேசையில் இருக்க வேண்டுமாம். ஊர் ஒரே குரலில் சரிபுதீனை அனுப்பியது. நசீறா வெள்ளைச் சேட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தாள்.

மேசையில் நடுக் கதிரை அந்த அரசியல்வாதிக்கு. பக்கத்தில் 'சுயாதீன ஆய்வாளர்' என்று ஒருவர். இந்தச் சுயாதீனம் சற்றுமுன் அரசியல்வாதியின் வாகனத்திலிருந்து இறங்கியதைச் சரிபுதீன் தன் கண்ணாலேயே கண்டிருந்தார். மறுபக்கம் எதிர்க்கட்சிக்காரர். ஓரக் கதிரையில் சரிபுதீன்.

"ஐயா, குறுகிய காலத்தில இவ்வளவு வேலையை எப்பிடிச் செய்து முடிச்சீங்கள்?" என்று தொடங்கினார் நடத்துனர். கேள்வியா அது? சந்தனம் பூசிவிட்டார். ஐயா அளந்தார், ஆய்வாளர் ஆமாம் போட்டார். எதிர்க்கட்சிக்காரர் வாயெடுத்ததும் விளம்பரம் போனது. விளம்பரம் முடிந்து வந்தால் நடத்துனரோடு சேர்த்து நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சந்தையில் நாய்கள்கூட இப்படிச் சண்டை பிடிப்பதில்லை. சரிபுதீன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, ஒருவராவது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். ஒருவரும் முடிக்கவில்லை. நெஞ்சுக்குள் பாடு, உழவு இயந்திரம், வாப்பாவின் தோணி எல்லாம் வரிசையாக நின்றன.

நடத்துனர் கமெராவைப் பார்த்துச் சிரித்தார். "நேரம் முடிந்துவிட்டது. பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியும் இறுதிவரை எம்மோடு இருந்தார். அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. அதுவே ஒரு நல்ல செய்தி."

வெளியே, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் வஸீர் ஓடிவந்து தோளைப் பிடித்தான். "ஏன் நானா வாய் திறக்கேல்ல?"

"அவனுகள் முடிக்கேல்லயே வஸீர்."

மண்டபத்துப் பின்பக்கம் சாப்பாட்டு மேசை. அரை மணித்தியாலத்துக்கு முன் ஒருவரையொருவர் துரோகி என்றவர்கள் ஒரே கோப்பையில் இறால் பொரியல் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நடத்துனர் எதிர்க்கட்சிக்காரரின் முதுகில் தட்டி, "நல்லாக் கத்தினீங்கள்" என்றார். சரிபுதீன் வேலி ஓரமாகப் போய்க் காறித் துப்பினார். துப்பியும் அந்த அருவருப்புப் போகவில்லை.

பிறகு முறைப்பாட்டோடு கடற்றொழில் கந்தோருக்குப் போனபோது, அதிகாரி கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்: "நானும் டீவியில பார்த்தன். அவ்வளவு நேரம் இருந்தும் ஒண்டும் சொல்லேல்ல. இப்ப என்ன புதுசா?" முதலாளியின் அனுமதி நீடிக்கப்பட்டது.

அடுத்த நாள் முதலாளியின் வலை தண்ணீருக்குள் கிடந்தபோதே சரிபுதீன் தோணியைத் தள்ளினார்.

"நானா, வலை கிடக்கு!" என்று வஸீர் கத்தினான். துடுப்பைத் தொட மறுத்துக் கரையிலேயே நின்றான். சரிபுதீன் கூலிக்கு நின்ற இருவரை ஏற்றிக்கொண்டு போய், முதலாளியின் வலைக்குக் குறுக்கே, வாப்பாவிடமிருந்து வந்த தன் வலையை விட்டார். உழவு இயந்திரம் இழுத்த இழுப்பில் இரண்டும் சிக்கிக் கிழிந்தன. மீனெல்லாம் போயிற்று. கரை முழுக்கக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தது. வாப்பாவின் வலை மணலில் கந்தலாகக் கிடந்தது. வஸீர் அவர் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனான். சரிபுதீனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

அன்று பின்னேரமே நடத்துனர் தொலைபேசியில் வந்தார். குரலில் தேன். "அருமையான காட்சி நானா. திரும்ப ஒரு நிகழ்ச்சி செய்வம், வாங்கோ. இந்த முறை உங்களுக்குத்தான் நடுக் கதிரை."

சரிபுதீன் தொலைபேசியை வைத்தார். "போகப் போறன். இந்த முறை ஒருத்தனையும் கதைக்க விடமாட்டன்" என்றார்.

சோற்றுக் கோப்பையோடு வந்த நசீறா, "இஞ்ச பாருங்கோ, வஸீர் வந்து..." என்று தொடங்கினாள்.

"நீ பேசாம இரு!"

நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவளுடைய பேச்சை அவர் இடையில் வெட்டியதே இல்லை. நசீறா கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே உள்ளே போனாள்.