அப்பப்பாவின் கப்பல் வருடங்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அச்சேறிய எழுத்து என்னுடையது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எழுதியது அப்பப்பாவின் கல்வெட்டு.

கரவெட்டிப் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முதலில் படம், பிறகு பதிகங்கள், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி. கடதாசியில் அச்சடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டுத்தான். வாழ்க்கை வரலாற்றை வழக்கமாக ஊரிலுள்ள ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதுவார். பெயரையும் வயதையும் மாற்றிவிட்டால் எந்த வீட்டுக்கும் பொருந்தக்கூடிய வரலாறு அது.

அப்பா இந்த முறை வாத்தியாரிடம் போகவில்லை. "எங்கடை வீட்டிலை எழுதத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அந்த ஆள் நான். அப்பப்பாவின் காலத்தில் எங்கள் ஆட்களைப் பள்ளிக்கூடத்து வாங்கில் இருக்க விடமாட்டார்கள், நிலத்தில்தான் இருத்துவார்கள். அவர் ஒரு வருடம் நிலத்தில் இருந்து பார்த்துவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அப்பாவின் அக்காவான மாமிக்கு அதுவும் வராது. நான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று பேனையைத் திறந்தபோது இருந்த பெருமை, பிறகு பட்டம் வாங்கிய நாளிலும் எனக்கு வரவில்லை.

பிறப்பு, கலியாணம், நாலு பிள்ளைகள், தோட்டம், இறப்பு என்று ஒரு பக்கம் எழுதி முடித்துப் பார்த்தால் பதினெட்டு வயதிலிருந்து இருபத்தாறு வரை, நடுவில் வந்த கலியாணத்தைத் தவிர, ஒன்றுமே இல்லை. கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: கப்பலிலை இருந்தவர். என்ன கப்பல், எங்கே போனது, அதில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். கப்பல் என்றால் கப்பல்தான் என்றார் அப்பா. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, அது நேவியல்லோ என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. நேவி என்றால் கடற்கரையில் முட்கம்பிக்குப் பின்னால் இருக்கும் முகாம். அந்தப் பக்கம் போகும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பா. அப்பப்பாவோ கிணற்றடியில் நின்று அப்பாச்சியின் சேலைகளைத் தோய்த்துக் கொடுத்தவர். விடிய ஐந்து மணிக்கு ஆள் கிணற்றடியில் நிற்கும். சேலையை நாலு மூலையும் ஒன்றுபோலப் பிடித்து உதறிக் கொடியில் போடும் அழகைப் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்பார்கள்.

"என்ன, இண்டைக்கும் மனுசியின்ரை சீலையோ?"

"ஓம். உன்ரை வேட்டியையும் தா, இஞ்சைவரைக்கும் நாறுது."

இந்த மனிதர் நேவியில் என்னதான் செய்திருப்பார்? இதை அறியாமல் கல்வெட்டை எழுதி முடிப்பதில்லை என்று தீர்மானித்தேன். அப்பா வேறு தீர்மானத்தில் இருந்தார்.

"கப்பல் எண்டு மட்டும் எழுது, பிள்ளை. நேவி எண்டு போடாதை. அந்தச் சொல்லுக்கு ஆமிக்கும் இயக்கத்துக்கும், ரெண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிக் களைச்சுப்போனம்."

தலையாட்டினேன். அடுத்த நாள் எல்லாரும் தோட்டத்தில் நின்ற நேரம் கட்டிலுக்குக் கீழிருந்த அப்பப்பாவின் றங்குப்பெட்டியை இழுத்துத் திறந்தேன். பழுப்பேறிய ஒரு வெள்ளைச் சட்டை, காய்ந்துபோன பொலிஷ் டின், ஒரு தூரிகை. ஆங்கிலத்தில் அடித்த ஒரு கடதாசி இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். கடற்படை, எட்டு வருடம், சமையல் பகுதி, நன்னடத்தை. அதற்குக் கீழே நூலால் கட்டிய ஒரு கட்டு. ஒன்பது தாள்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பாதத்தைச் சுற்றிக் கோடு கீறியிருந்தது. எல்லாம் சின்னப் பாதங்கள். ஒன்றிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தம்பிக்குச் செருப்பு வாங்க நெல்லியடிக்குப் போகும்போது அம்மா இப்படித்தான் அவன் காலைத் தாளில் வைத்துக் கீறிக்கொண்டு போவா. ஆகவே இது சப்பாத்து அளவு. பாதங்கள் சின்னவை, ஆகவே பிள்ளைகளுடையவை. அப்பப்பாவோடு வேலைசெய்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் அளவை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் இறங்கிச் சப்பாத்து வாங்கிவரும் நம்பிக்கையான ஆள் அவர்தான். இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல எல்லாம் பொருந்தியது. அன்று மாலையே எழுதினேன்: "அன்னார் இலங்கைக் கடற்படையில் எட்டு ஆண்டுகள் சமையற் பகுதியில் சேவையாற்றியதோடு, சக ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பாதணிகள் பெற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் திறம்பட வகித்தார்." 'திறம்பட' என்ற சொல்லை அந்த வாரந்தான் படித்திருந்தேன்.

அச்சகத்துக்குப் புறப்பட்டபோது அப்பா தாளை வாங்கி, எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கப்பல் எண்டுதானே எழுதினனீ?"

"ஓம் அப்பா."

அவர் அதைப் பக்குவமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு முன்னர் வாத்தியார் கல்வெட்டைக் கையில் எடுத்து உரத்து வாசித்தார். கடற்படை என்ற சொல் வந்ததும் பந்தலில் பேச்சு நின்றது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், அது வேறை நேவி, வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன நேவி என்று யாரும் கேளாமலே விளக்கம் கொடுத்தார். இரண்டொருவர் தலையாட்டினார்கள். வாத்தியார் சப்பாத்து வரியையும் வாசித்துவிட்டு மேலே போனார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"வாத்தியார், உந்த வரியைத் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ."

அவர் வாசித்தார். என்ன சப்பாத்து என்று மாமி என்னைப் பார்த்துக் கேட்டா. நான் ஓடிப்போய்த் தாள்கட்டைக் கொண்டுவந்து, என் துப்பறிதலை எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினேன். மாமி தாள்களை மடியில் ஒவ்வொன்றாக விரித்தா. சின்னப் பாதம், அதைவிடக் கொஞ்சம் பெரிய பாதம் என்று வரிசையாக வைத்தா.

"இது அண்ணையின்ரை கால்," என்றா.

மாமிக்கு மேல் ஓர் ஆண்பிள்ளை இருந்ததை அன்றுதான் அறிந்தேன். அப்பாவும் அவன் பிறந்து செத்தான் என்பதைத் தவிர வேறொன்றும் அறிந்திருக்கவில்லை.

"அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளை வளருதெண்டு வேறை எப்பிடிக் காட்டுறது?" என்று கேட்டா மாமி.

நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை அப்பாச்சி பிள்ளையின் காலைத் தாளில் வைத்துக் கீறித் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவாவாம். அங்கே இருந்தவர் உறையில் விலாசம் எழுதிக் கொடுப்பாராம். ஒன்பதாவது தாளுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அப்பப்பா லீவு கேட்டு ஊருக்கு வந்தபோது பிள்ளை காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்.

"அதை நான் எப்பிடிக் கீறி அனுப்புறது எண்டு அம்மா கேட்டவவாம்," என்றா மாமி.

அப்பப்பா மிச்சமிருந்த மாதங்களை முடித்தார். மேலும் சேவைக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னபோது வைக்காமல் வந்துவிட்டார். அதன் பிறகு அவர் கப்பலைப் பற்றி வாய் திறக்கவேயில்லை.

பந்தல் வெறிச்சோடிய பிறகு அப்பா என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"நான் வாசிக்கமாட்டன் எண்டு தெரிஞ்சுதானே எழுதினனீ?"

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் கதிரைகளை அடுக்கப் போய்விட்டார்.

அப்பாவை ஏமாற்றியதற்காவது ஒரு சரியான கல்வெட்டு மிஞ்சியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. கொடுத்தது போக மிஞ்சிய புத்தகங்களை எடுத்துவைத்து, அடிமட்டமும் நீலப் பேனையுமாகச் சப்பாத்து வரியை வெட்ட உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் கோடு போடுவதற்குள் மாமி வந்துவிட்டா.

"என்ன செய்யிறாய்?"

"பிழையை வெட்டுறன் மாமி. அப்பப்பா ஒருத்தருக்கும் சப்பாத்து வாங்கிக் குடுக்கேல்லைத்தானே."

"அது கிடக்கட்டும்."

"அச்சிலை பிழை இருந்தால் வெக்கம், மாமி."

"கிடக்கட்டும் எண்டுறன்."

பிறகு, அது எந்த இடம் என்று கேட்டா. நான் காட்டினேன். 'பிள்ளைகளுக்குப் பாதணிகள்' என்றிருந்த இடத்தில் விரலை வைத்து மெல்லத் தடவினா.

எழுத்துத் தெரியாதவருக்கு அச்சுப் பிழையின் பாரம் எங்கே தெரியப்போகிறது என்று எண்ணி, மாமிக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டு, மனமில்லாமல் பேனையை மூடினேன். கடைசிப் பக்கத்து வம்சாவளியில் மூத்தவர் என்று மாமியின் பெயரைத்தான் போட்டிருந்தேன். அந்தப் புத்தகத்தில் அவவின் அண்ணைக்கு என்னுடைய பிழையான வரியை விட்டால் வேறு இடமே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.