இடப்பக்கம் இழுத்த லாரி

லாரி நிறுத்தத்தில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எடை போடும் வேலை எதையும் அவர் பார்த்ததில்லை. இடது தோள் மேலேறி, வலது தோள் கீழிறங்கி நிற்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பிறவிக் கோணல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அக்கா புருஷன் வைத்திருந்த லாரி கொடுத்த கோணல் அது.

அந்த லாரி இடப்பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கில் பிடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், சாலையோரப் பள்ளத்தை நலம் விசாரிக்கக் கிளம்பிவிடும். அதனால் தராசு ஏறி உட்கார்ந்ததுமே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்து, தோளை முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டுவார். தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் பிடித்த பிடி. இப்போது மீசையும் வெளுத்துவிட்டது.

வாய்மூடி இருந்தார் என்றும் சொல்ல முடியாது. "அத்தான், முன்பக்கம் ஏதோ கோளாறு. அலைன்மென்ட் கடைல ஒரு தடவை காட்டிடலாமே" என்று நச்சரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பேச்சு மட்டும் அத்தான் காதில் ஏறாது. டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் இடது டயரைக் கழற்றி வலப்பக்கம் மாட்டச் சொல்வார். வெளியாள் யாராவது கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கும்.

"வண்டி தங்கம். என் மச்சான் கைதான் கோணல். பொண்டாட்டி தம்பியாச்சேன்னு வச்சிருக்கேன்."

இதைத் தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். தராசும் கூடவே பல்லைக் காட்டிவைப்பார். அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்த வாய்க்கு வேறென்ன தெரியும்? அவர் கேட்டது சொத்தா, சுகமா? கோளாறு வண்டியில்தான் இருக்கிறது, இவன் கையில் இல்லை என்று அத்தான் ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் அத்தானின் மருமகனுக்கு வேலை போயிற்று. மகளைக் கட்டியவர் வீட்டில் சும்மா உட்காரலாமா? லாரித் தொழிலைப் பழகிக்கொள்ளட்டும் என்று சாவியைக் கொடுத்தார் அத்தான். மாப்பிள்ளை ஒரே ஒரு நடை போய்வந்து, வாசலிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வண்டி மாமா இது? தோளே கழண்டு போச்சு."

அத்தான் துடித்துப்போனார். மறுநாள் காலை லாரி அலைன்மென்ட் கடை வாசலில் நின்றது.

தராசுக்கு ரத்தம் கொதித்தது. தன் தோள் தோள் இல்லையா, வீட்டு மருமகன் தோள் மட்டும்தான் தோளா? இருந்தாலும் கூடவே போனார். கடைக்காரர் பார்த்துச் சொல்லும்போது அத்தானும் அங்கே நிற்பார் அல்லவா, அந்த ஆசைதான்.

பழைய லாரிகளின் முன்பக்கத்தைச் சரிசெய்வதற்கென்றே இருந்த கடை அது. கடைக்காரர் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தார். பிறகு விளக்கோடு வண்டிக்கடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் குனியச் சொன்னார். இரண்டு முன்சக்கரங்களையும் தாங்கும் இரும்பு ஆக்சிலில், அவர் பெயிண்டைச் சுரண்டிக் காட்டிய ஓரிடம் தீய்ந்துபோய்க் கிடந்தது.

"எங்கயோ பலமா இடிச்சு வளைஞ்சிருக்கு. அதை யாரோ நெருப்பு காட்டி நிமித்தியிருக்காங்க. நெருப்பு காட்டினா இரும்புக்குப் பலம் போயிடும். வேற ஆக்சில்தான் மாத்தணும்."

"எப்ப நடந்திருக்கும்?" என்றார் தராசு.

"நாள் கிழமையெல்லாம் சொல்ல முடியாதுங்க. நெருப்பு பட்ட இடத்து மேல நீலப் பெயிண்ட் இருக்கு. கறுப்பு அதுக்கப்புறம் அடிச்சது."

கறுப்பு அடித்தது தராசுதான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். வண்டிக்கடியில் நீலம் இருந்த காலத்தில் அதை ஓட்டிய ஒரே ஆள் அத்தான். இடித்ததும் அவர், மூடி மறைத்ததும் அவர், இத்தனை வருஷம் பழியை மச்சான் தலையில் போட்டதும் அவர். தராசு நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தார். இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும்?

அத்தான் செருப்பைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

"செலவைப் பாக்காதீங்க, மாத்திடுங்க. எங்க மாப்பிள்ளைக்குக் கை வலிக்கக் கூடாது."

"மாத்திடலாம். ஆனா இந்த வண்டியை இத்தனை நாள் ரோட்டை விட்டு இறங்காம ஓட்டினவர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார் கடைக்காரர். யார் அந்தக் கை என்று அவருக்குத் தெரியாது. தராசுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஆக்சில் மாறியது. முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாக ஏறின. மறுபடி நூல் கட்டியபோது சக்கரங்கள் அதை ஒட்டி நேராக நின்றன. ஓட்டிப் பார்க்க மாப்பிள்ளை சாவிக்குக் கை நீட்டினார்.

"முதல்ல நான் ஓட்டறேன்" என்று தராசு முந்திக்கொண்டார். நல்ல வண்டியை இந்தக் கை எப்படி ஓட்டும் என்று பார்க்கட்டுமே! மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள்.

சாலையில் இறங்கி வேகம் பிடித்ததுதான் தெரியும். லாரி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. முன்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. மாப்பிள்ளை எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்க, பஸ் ஒரு முழ இடைவெளியில் உரசாமல் போனது. ஓரம் கட்டி நிறுத்தியபோது தராசின் கைகள் ஸ்டீயரிங்கை இன்னும் வலப்பக்கம்தான் ஒடித்துப் பிடித்திருந்தன. வண்டி இழுப்பதை விட்டுவிட்டது. கைக்கு அதை யார் சொல்வது?

அத்தானுக்கு இழந்த குரல் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? ஆக்சில் புதுசு, டயர் புதுசு, அப்பவும் கோணலாத்தான் போகுது. நான் அன்னைக்கே சொன்னேன், கோளாறு இவன் கையில. இனிமே வண்டி உங்களுதுதான்."

இத்தனை வருஷமாகப் பொய்யாக இருந்த பேச்சு இன்றைக்கு உண்மையாகிவிட்டது. தராசுக்கு அதுதான் தாங்கவில்லை. இறங்கி நடந்தே போயிருக்கலாம். கால் வரவில்லை. இடம் மாறி நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை ஒரு கையால் ஓட்டினார். "பட்டு மாதிரி போகுது மாமா" என்று மாமனாரிடம் சொல்லிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் நெளிந்தார்.

"சின்ன மாமா, என் மேல சாயாம உக்காருங்க. ஓட்ட முடியல."