வளைவில் எட்டாத கால்

போடியில் நானும் என் கணவரும் ஆளுக்கொரு பழைய பைக் வைத்திருந்தோம். இரண்டையும் கொடுத்துவிட்டு, என் வெகுநாள் ஆசைப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க முடிவு செய்தோம். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தபோது கால் விரல்கள் தரையைத் தொட்டன. அது போதும் என்று நினைத்தேன்.

மலையில் ஓட்டிப் பார்க்கலாமென்று, அதே வண்டி வைத்திருந்த தம்பியிடம் இரவல் வாங்கி போடிமெட்டுக்குக் கிளம்பினேன். கணவர் தன் பழைய பைக்கில் முன்னால் போனார்.

ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே லாரி ஒன்று அகலமாகத் திரும்பி வரவே, பிரேக் பிடித்து நின்றேன். இடது காலை ஊன்றினேன். சாலை அந்தப் பக்கம் சரிந்திருந்ததால் காலுக்குத் தரையே அகப்படவில்லை. வண்டியோடு சாய்ந்து விழுந்தேன். பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப்பின் டயர், என் ஹெல்மெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

ஜீப்பிலிருந்த பெண்கள் நாலு பேர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கினார்கள்.

"ஏத்தா, எங்களுக்கே மூச்சு வாங்குது. நீ ஒத்தையில எப்படித் தூக்குவ?" என்றார் ஒருவர்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த கணவர் என் கையைப் பிடித்தார். ஓரமாக உட்கார வைத்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்.

முழங்கால் சிராய்ப்போடு தப்பினேன். ஆசையை விடவில்லை, இன்று உயரம் குறைந்த ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறேன். அதை வாங்குமுன் ஷோரூமுக்கு வெளியே சரிவில் நிறுத்தச் சொல்லி, இரண்டு பாதமும் முழுதாக ஊன்றுகிறதா என்று பார்த்தேன். வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டேன்.