ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபோது என்னோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. போளூரில் அப்பா வாங்கிக் கொடுத்தது. "பொண்ணு டிவி எடுத்துகினு வந்துகீது" என்று தெருவே பேசியது.

இப்போது போனிலேயே சேலை டிசைன் வரைகிறேன். அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு ராஜ மரியாதை. முதலில் ஸ்டெபிலைசரைப் போட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். திரை வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணும் என்பதால் வரைவதை ஃபிளாப்பியில்தான் வைப்பேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் உறை, ஓரத்து மூடியைத் தள்ளினால் உள்ளே கறுப்புத் தகடு. மாமியாருக்கு ஒருநாள் அதைத் தள்ளிக் காட்டி, "நான் போடறதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது அத்தை" என்றேன்.

மவுசால் கட்டம் கட்டமாக நிரப்பி முதன்முதலாக ஒரு பார்டர் வரைந்தேன். மல்லாட்டைக் கொத்து, வேர்க்கடலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். "மல்லாட்டைய யாராவது சேலையில போடுவாங்களாமா?" என்று மாமியார் சிரித்தார். ஆனாலும் வீட்டுத் தறியில் அடுத்து நெய்யும் பாவுக்கு அதுதான் என்று முடிவானது. விஜயதசமி காலையில் ஃபிளாப்பியை தறிக்கான துளை அட்டை அடிக்கக் கொடுக்க வேண்டும். தவறினால் நெய்யக் கொடுக்கும் சேலைக் கடைக்காரர் தரும் பழைய டிசைன்தான் தறியேறும்.

முந்தின நாள் ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்தால் தறி, நாடா, கத்திரிக்கோல், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் மாமியார் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். ஃபிளாப்பிக்கும்தான். அதுவும் மூடியைத் தள்ளி, தகட்டின் மேலேயே.

"உறைக்கு வெச்சா எப்படிமா? வேல செய்யறது உள்ள இருக்கறதுதான?"

துடைத்துப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் பரவியது; வரைந்த பார்டர் போயே போச்சு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

உட்கார்ந்தால் ஒரே பகலில் மறுபடி வரைந்துவிடலாம். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள்வரை அந்த வீட்டில் யாரும் தொடக்கூடாது. அரிவாள்மனையைத் தொடக்கூடாதென்று காயைக்கூட முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவார் மாமியார்.

அவர் சாமி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து முந்தானையால் திரையிலிருந்த பொட்டைத் துடைத்தார்.

"போடும்மா."

"பூஜையில வெச்சத எடுக்கலாமா அத்தை?"

"தப்பு என்னுதுன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். அழுதுகினு இருக்காத, ஜல்தியா போடு."

விளக்கு வைப்பதற்குள் பார்டரை முடித்து வேறு ஃபிளாப்பியில் ஏற்றினேன். மறுநாள் அது அட்டைக்குப் போனது. பூஜையன்று மதியம் வரையும்போது நான் மவுசை விட்டு எழவே இல்லை. மாமியார் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து வாயருகே நீட்டினார். அம்மா வீட்டை விட்டு வந்தபின் யாரும் எனக்கு ஊட்டியதில்லை. வாயில் சோற்றோடு மறுபடியும் அழுதேன்.