கடைசித் துண்டு

இன்று கடையில் சுக்கு மூட்டையைப் பிரித்தபோது, கொச்சி மட்டாஞ்சேரியில் அம்மா வேலை செய்த சுக்குக் களத்தின் நெடி வந்தது. அங்கே இப்போது ஹோட்டல் நிற்கிறது.

அப்போதெல்லாம் முறம் தட்டும் ஓசை நின்றால் சாயா நேரம். சுக்கில் பூசும் சுண்ணாம்புத் தூசியில் வெளுத்த அம்மாக்கள் உட்கார, பிள்ளைகளுக்கு ஒரு தட்டில் அவித்த கப்பை, நம்ம மரவள்ளிக்கிழங்கு, வரும். ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்க, இன்னொருத்தி ஒரு துண்டைத் தொட்டு "இது யாருக்கு?" என்பாள். நிற்பவள் பார்க்காமல் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும்; அந்தப் பெயருக்கு அந்தத் துண்டு. சண்டை வராது.

நான் புதிது. தமிழ்ப் பிள்ளை என்பதால் எல்லாருக்கும் நான் 'பாண்டி'தான். அன்று துண்டைத் தொடும் முறை நபீசாவுக்கு; அவள் கூப்பிட்டாள்.

"பாண்டி, நீ திரும்பி நில்லு. உனக்குத்தான் கூட்டுக்காரி, சிநேகிதி யாருமே இல்லையே, கள்ளம் பண்ண மாட்டே."

சுவர்ப் பக்கம் திரும்பினேன். ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கும் பங்கு உண்டா என்று யாரிடம் கேட்பது?

"இன்னும் ஒண்ணு இருக்கு. இது யாருக்கு?"

"செல்விக்கு," என்றேன் சுவரிடம்.

"கேக்கலடி. உரக்கச் சொல்லு."

"செல்விக்கு!"

"செல்வியா உன் பேரு?" என்று சிரித்தபடி நபீசா அதை என் கையில் வைத்தாள்.

இருந்ததிலேயே சின்னத் துண்டு. ஆனால் அது என் பெயருக்கு வந்தது.