முதல் தொட்டியில் இழுபட்ட கயிறு

வெயிலில் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் கணவரே அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்தது என் கை. உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் இன்னும் சரியாக ஆறவில்லை. நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. பட்டப்பகலில், உச்சி வெயிலில்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாக ஓர் இறால் ஆலை. இறால் கழுவிய கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் பிளான்ட்டுக்கு நான்தான் பொறுப்பு. பெயர் சண்முகசுந்தரி, ஊர் ஓட்டப்பிடாரம். எனக்குப் பேய்ப் பயம் கிடையாது. மேனேஜர் பயம்கூடக் கிடையாது.

இந்த வருடம் தண்ணீர்த் தட்டுப்பாடு. மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆலைத் தரையைக் கடல்தண்ணீரால் கழுவ ஆரம்பித்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பு உள்ளே போனதும், எரிவாயு தரும் நுண்ணுயிர்கள் சுருண்டுவிட்டன. அவற்றின் இடத்தில் வேறொரு கூட்டம் பெருகி, கூமுட்டை நாற்றமடிக்கும் விஷவாயுவைக் கக்கியது. அந்த எரிவாயுவால் கேன்டீன் அடுப்பில் நீலமாக எரிந்த தீ அணைந்தேவிட்டது.

பெரிய வெள்ளி அன்று ஆலைக்கு லீவு. நுண்ணுயிர்களுக்கு ஏது லீவு? அன்றைக்கென்று பார்த்து, கழிவுநீர் வந்து சேரும் முதல் தொட்டிக்குள் இருக்கும் பம்ப்பில் இறால் ஓடு அடைத்துக்கொண்டது. தீனி போகாவிட்டால் மிச்சம் இருப்பவையும் செத்துப்போகும். சாணி கரைத்து ஊற்றி முதலிலிருந்து வளர்க்க வேண்டும்.

டூட்டியில் நானும் ஆப்பரேட்டர் ரெக்சனும் மட்டும். அவன் ஆலந்தலைக்காரன். இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருடம் கடலில் சங்கு குளித்தவன்.

"ஒரு நிமிசம் மேடம். மூச்ச அடக்கிட்டு எறங்குதேன். ஓட்ட எடுத்துட்டு ஏறிருவேன்."

"மீட்டர் வராம ஒருத்தரும் எறங்கக் கூடாது."

"கடல்ல இதவிட ஆழம் பாத்திருக்கேன்."

"கடல்ல தண்ணிதாம்ல இருக்கு. இங்கன கெடக்கது வேற."

எங்கள் விஷவாயு மீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. இரவல் மீட்டர் ஒன்று வண்டியில் வந்துகொண்டிருந்தது. அது வந்ததும் இறங்கலாம் என்று ரெக்சன் தொட்டி வாய்க்கு மேலிருந்த கம்பியில் கயிற்றைக் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டான். சங்கு குளிப்பவர்களின் வழக்கத்தை எங்களுக்கும் பழக்கியவன் அவன்தான். இறங்கியவர் ஒரு முறை சுண்டினால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு முறை சுண்டினால், தூக்கு. கடலில் அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பாராம். கூடப்பிறந்தவளின் தாலி அல்லவா, விடமாட்டார்.

12.05. கோவிலுக்குப் போயிருந்த மனைவி விஜிலாவிடம் பேச ரெக்சன் கேட்டுக்குப் போனான். தொட்டிப் பக்கம் போன் கூடாது. நான் பேனல் அறைக்குள் நுழைந்தேன்.

12.15.

கிர்ர்... கிர்ர்...

கம்பியில் கயிறு உரசும் சத்தம்.

வெளியே வந்தேன். தொங்கவிட்ட கயிறு விறைப்பாக நின்றது. யாரோ பாரமாகப் பிடித்திருப்பது தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொன்ன பேச்சைக் கேட்காமல் இறங்கிவிட்டானே பாவி.

"ஏலே ரெக்சன்."

தொட்டியின் வாய்க்கு ஓடினேன். உள்ளே இருட்டு. கயிற்றைப் பிடித்தேன்.

சுண்டியது. ஒன்று... இரண்டு... மூன்று.

இரண்டுக்குப் பதில் மூன்று. பயத்தில் ஒன்று கூடுதலாகச் சுண்டுகிறான் என்று நினைத்தேன். காலை ஊன்றி இழுத்தேன். வரவில்லை. கயிறு வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது.

மறுபடியும் சுண்டியது. ஒன்று... இரண்டு... மூன்று.

நிதானமாக. ஒரே அளவாக.

மூச்சு முட்டுகிறவன் இப்படிச் சுண்டமாட்டான்.

"மேடம்... என்ன செய்யுதீங்க?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். ரெக்சன் நின்றான். கையில் போன்.

கயிறு என் கையில் அசைந்துகொண்டிருந்தது.

"உள்ள யாரு?" என்றேன்.

அவன் கயிற்றைத் தொட்டான். முகம் மாறியது. கண்ணில் ஏதோ ஒரு பிரியம். போனைக் கீழே வைத்தான். மூச்சை இழுத்து அடக்கினான். கயிற்றைப் பிடித்தபடி வலது காலைத் தொட்டிக்குள் விட்டான்.

அப்போதுதான் உறைத்தது.

காலையிலிருந்து குடலைப் புரட்டிய நாற்றம்... இல்லை.

கொஞ்சம்கூட இல்லை.

இந்த வாயு குறைவாக இருந்தால் நாறும். அளவு மீறினால் மூக்கைக் கொன்றுவிடும்.

சட்டையைப் பிடித்தேன். உதறினான். இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன்.

இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

கயிறு தளர்ந்தது.

12.22.

தள்ளி உட்கார்ந்து கயிற்றை இழுத்தோம். லேசாக வந்தது. நுனியில் ஒன்றுமில்லை. தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. நுனி நனையவே இல்லை.

மூன்று மணிக்கு மீட்டர் வந்தது. கயிற்றில் கட்டி உள்ளே விட்டோம். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலறத் தொடங்கியது. எண்ணைப் பார்த்தேன். இரண்டு மூச்சுக்கு மேல் யாரும் பிழைக்கமாட்டார்கள். தொட்டியை மூடச் சொன்னேன். நுண்ணுயிர்கள் செத்தால் சாகட்டும்.

ரெக்சன் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வந்த அன்று கேட்டேன்.

"யாரையோ காப்பாத்தவால எறங்கப் பாத்த?"

"இல்ல மேடம். கூப்புட்டான், போனேன்."

"யாரு கூப்புட்டா?"

"மூணு சுண்டுனா அது கீழ இருக்கவன் சுண்டுதது இல்ல. வள்ளத்துல கயிறு பிடிக்கவன் சுண்டுதது. போதும், மேல ஏறி வான்னு அர்த்தம். அந்தக் கை எனக்குத் தெரியும் மேடம். ஆறு வருசம் எனக்குக் கயிறு பிடிச்ச கை. விஜிலாவோட அண்ணன்."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"போன வருசம் கடலுக்குப் போனவன். இன்னும் கரைக்கு வரல."

மச்சான் தன்னைக் காப்பாற்றத்தான் வந்தான் என்று ரெக்சன் இன்றைக்கும் சொல்கிறான். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் மேலே ஏறி வரச் சொல்லி அந்தக் கயிறு அவனைக் கூப்பிட்டது தொட்டியின் அடியிலிருந்து. அவன் இடுப்பை நான் கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் இரண்டு பேர் எடைக்கும் சமமாக ஒரு கை அவனை அந்தப் பக்கம் இழுத்தது. அதை மட்டும் விஜிலாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை.